உபயோகம்: திருத்தம்

ஸ்டோர் பதிவேட்டில் அந்த வரி என் கையெழுத்தில்தான் இருக்கிறது. பொருள், டர்பன்டைன். அளவு, இரண்டு லிட்டர். அதற்குக் கீழே வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு கிலோ. வாங்கியவர், ஓவியர். உபயோகம் என்ற கட்டத்தில் ‘கரெக்‌ஷன்’ என்று எழுதியிருக்கிறேன். திருத்தம். செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபது. துணியைத் தராசில் வைத்தபோது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கூடுதலை எடுத்துவிட்டு ஒரு கிலோ சரியாகக் கொடுத்தேன். அந்தத் துணியையும் அந்த டர்பன்டைனையும் வைத்து அவர் அழித்தது என் முகத்தை.

அது எனக்குத் தெரிய வந்தது பத்தொன்பது நாள் கழித்து. வெள்ளிக்கிழமைகளைக் கழித்துவிட்டால் பதினாறு வேலை நாள். அந்தப் பதினாறு நாளும் பத்தேகால் மணிக்கு அவரோடு உட்கார்ந்து சுலைமானி, பால் இல்லாத டீ, குடித்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஷார்ஜா தொழில்பேட்டையில். கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் கண்காட்சிகளுக்கு அரங்கும் செய்து கொடுக்கிற கம்பெனி. அங்கே ஸ்டோர் கீப்பராக இருபத்து மூன்று வருஷம். பெயிண்ட், ஆணி, அலுமினியம், பிளைவுட், பசை, எல்லாம் என் கையால்தான் வெளியே போகும். எதற்கு என்று கேட்காமல் ஒரு திருகாணி கூடக் கொடுத்ததில்லை. சாயங்காலம் ரோலாவில் ரூமுக்கு வந்து குளித்துவிட்டு டைரியில் அரைப் பக்கம் எழுதுவேன். அதனால் இந்த விஷயத்தில் எந்த நாள் எது நடந்தது என்று எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஓவியர் ஏடன்காரர். எழுபது வயது தாண்டியவர். தெற்கு ஏமன் தனி நாடாகவும் சோஷலிச நாடாகவும் இருந்த காலத்தில் அரசாங்கத்துக்குப் படம் வரைந்தவர். அவர்களே சோவியத்துக்கு அனுப்பி ஆறு வருஷம் மனித உருவம் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் வீடு, சம்பளம், கிழக்கு ஜெர்மனியிலிருந்து வர்ணக் குழாய்கள் எல்லாம் கொடுத்தார்கள். துறைமுகத் தொழிலாளிகள், பள்ளிக்கூடம் போகும் பெண்கள், துப்பாக்கியும் மண்வெட்டியும் பிடித்த விவசாயிகள், தலைவர்கள். மனிதன் இல்லாத படம் அங்கே படமே இல்லை என்பார். அந்த நாடு வடக்கோடு சேர்ந்த பிறகு, மனிதன் இருக்கிற படம் பாவம் என்று சொல்பவர்கள் வந்துவிட்டார்கள். அப்புறம் இங்கே வந்துவிட்டார். எங்கள் கம்பெனியில் கண்காட்சி அரங்குகளுக்குப் பின்னணி வரைவதும், பிரின்ட் சரியாக வராத இடத்தில் தூரிகையால் ஒட்டுப் போடுவதும்தான் அவர் வேலை. வயது காரணமாக அவருக்கு வருஷா வருஷம் விசா புதுப்பிக்க வேண்டும்.

வீரக்கதை எதுவும் சொல்ல மாட்டார். ஒருமுறை மீனவர்களை வரைந்தாராம். கமிட்டி வந்து பார்த்துவிட்டு, நம் நாட்டு மீனவன் காலில் ஏன் செருப்பு இல்லை என்று கேட்டதாம். படகில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரம் விவாதம். கடைசியில் எட்டு மீனவர்களுக்கும் செருப்பு வரைந்தார். திறப்பு விழாவுக்கு வந்த மீனவர்கள் படத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். “அங்கே ஒரு பாதத்துக்காக இரண்டு மணி நேரம் பேசினார்கள். இங்கே அளவு மட்டும்தான் கேட்கிறார்கள்” என்பார்.

நாங்கள் பேசிக்கொண்டது பாதி ஹிந்தி, பாதி அரபி. பழைய ஏடன்காரர்களுக்கு ஹிந்தி வரும். நான் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ரஃபீக் என்பார். எனக்கு அது பிடிக்காது. வளைகுடாவில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். தோழன் என்றுதான் அர்த்தம். ஆனால் பேர் தெரிந்துகொள்ள அவசியம் இல்லாத ஆளைக் கூப்பிடத்தான் இங்கே அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். கூட்டுகிறவன் ரஃபீக், மூட்டை தூக்குகிறவன் ரஃபீக். ஒருநாள் நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

“ரஃபீக் என்று கூப்பிடாதீர்கள் உஸ்தாத். எனக்குப் பேர் இருக்கிறது.”

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். “எங்கள் ஊரில் மந்திரி பேருக்கு முன்னால் போடுகிற வார்த்தை அது. அதைக் கேட்க ஆசைப்பட்டே கட்சியில் சேர்ந்தவர்கள் உண்டு.”

“இங்கே மீன் வெட்டுகிறவன், டயர் மாற்றுகிறவன் எல்லாருக்கும் அதுதான்.”

“அப்படியென்றால் சோஷலிசம் இங்கேதான் வந்திருக்கிறது” என்றார்.

அதற்குப் பிறகும் ரஃபீக் என்றுதான் கூப்பிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

கம்பெனிக்கு முப்பது வருஷம் ஆனபோது பெரிய அர்பாபுக்கு, அதாவது முதலாளிக்கு, ஓர் ஆசை வந்தது. ராப்பகலாக ஃபிளெக்ஸ் அடிக்கிற கம்பெனியின் வரவேற்பறையில் கையால் வரைந்த எண்ணெய் வர்ணப் படம் இருக்க வேண்டும். பன்னிரண்டு அடி அகலம், எட்டு அடி உயரம். நடுவில் அவர் நாற்காலியில் இருப்பார். சுற்றி நீண்ட காலமாகக் கூட இருப்பவர்கள் பதினான்கு பேர் நிற்பார்கள். பெயர்களை அவரே சொன்னார். ஆறாவது பெயர் என்னுடையது. பதிவேட்டைக் கையில் பிடித்தபடி, இடது பக்கம் இரண்டாவது வரிசை.

அப்போது என் விசா முடிய நான்கு மாதம் இருந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மகள் நர்சிங் படிப்பில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. விசா ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் அவள் படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கம்பெனியில் நிர்வாகம் பெரிய அர்பாபின் கையிலிருந்து மகன் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டோருக்கு பார்கோடு சிஸ்டம் போட ஓர் ஆளை எடுத்து, என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அதனால் எனக்குள் ஒரு பயம் இருந்தது. பெயர்ப் பட்டியல் வந்ததும் அது போய்விட்டது. சுவரில் இருப்பவர்களை அனுப்ப மாட்டார்கள் என்று நான் மட்டும் அல்ல, எல்லாருமே நினைத்தார்கள்.

பெயிண்ட் செக்‌ஷன் ஃபோர்மேன் பரமக்குடிப் பக்கத்துக்காரன். அவனும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவன். பட்டியல் ஒட்டிய அன்று மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னான். “அண்ணே, சுவத்துல ஏறிட்டீங்க. இனி உங்களை எறக்கணும்னா கிரேன் எடுக்கணும்.”

“நீயும்தானே ஏறியிருக்க.”

“நான் ஓரத்துல தொங்கிக்கிட்டு நிக்கேன். காத்தடிச்சா விழுந்துருவேன்.”

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சின்ன அர்பாபோடு அவனுக்கு இரண்டு முறை வாக்குவாதம் நடந்திருந்தது.

ஸ்ப்ரே அடிக்கப் பயன்படாமல் கிடந்த ஓர் அறையில் பிளாஸ்டிக் ஷீட்டை மறைப்பாகத் தொங்கவிட்டு உஸ்தாத் படம் வரைந்தார். மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று நாற்பது வரை நான் போய் நிற்பேன். மொத்தம் பதினொரு நாள். அதில் நான்கு நாள் கைகளுக்கே போயிற்று. இடது கட்டைவிரலில் பட்டைக் கம்பி கிழித்த தழும்பு ஒன்று உண்டு. அதற்கு மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருஷத்தில் என் கையை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. டைரியில் அப்படியேதான் எழுதியிருக்கிறேன்.

உடம்புகள் எல்லாம் முடிந்து தலைகளுக்கு வந்தபோது அவர் வார்னிஷ் கேட்டு வந்தார். வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு மேலே பூசுவது. இப்போது எதற்கு என்று கேட்டேன். தலைக்கு அடியில் பூச என்றார். புரியவில்லை என்றேன். டீ வந்தது. அப்போது சொன்னார்.

ஏடனில் துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் ஒரு பெரிய படம். தலைவர்கள் பதினொரு பேர். அவர் வரைந்து ஒரு வருஷத்துக்குள் அதில் ஒருவர் பதவியிலிருந்து போய்விட்டார். இரண்டு நாளில் அந்தத் தலை மாற வேண்டும் என்று கடிதம் வந்தது. பிளேடு வைத்துச் சுரண்டினார். கித்தான் கிழிந்துவிட்டது. பின்னால் துணி ஒட்டிச் சமாளித்தார். அதற்குப் பிறகு தலைகளை மட்டும் வேறு விதமாக வரைய ஆரம்பித்தார். தோல் நிறத்தை வெறுமையாகப் பூசிக் காயவைத்து, அதன் மேல் வார்னிஷ் ஒரு கை. அதற்கு மேல்தான் முகம். மாற்றச் சொல்லி உத்தரவு வந்தால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தால் போதும். வார்னிஷோடு முகமும் வந்துவிடும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் படத்தில் மட்டும் ஒன்பது தலைகளை மாற்றியிருக்கிறார். சிலர் நாட்டை விட்டுப் போனார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் எங்கே என்று கேட்கக் கூடாது.

“உடம்பு அரசாங்கத்தினுடையது. தலை மட்டும்தான் ஆளுடையது” என்றார். கடிதத்தில் அழி என்று ஒருபோதும் எழுத மாட்டார்களாம். தஸ்ஹீஹ் என்று எழுதுவார்கள். திருத்தம்.

ஆக, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

எனக்கும் வார்னிஷ் உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெரிய அர்பாபுக்கும் உனக்கும் கிடையாது. நீங்கள் இரண்டு பேரும் எங்கே போகப் போகிறீர்கள்” என்றார். அன்றைக்கு டைரியில் இந்த வாக்கியத்தைக் கோடிட்டு வைத்திருக்கிறேன். மனைவியிடம் ஃபோனில் சொன்னேன். அவளுக்கு வார்னிஷ் விஷயம் விளங்கவில்லை. விசா அடித்துவிடுவார்கள் என்பது மட்டும் விளங்கியது.

முகம் வரைய ஆரம்பித்த பிறகு யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. ஈர எண்ணெயில் தூசி ஒட்டும் என்றார். நியாயம்தான்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. டர்பன்டைன் இரண்டு லிட்டர், துணி ஒரு கிலோ. வழக்கம்போல எதற்கு என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டு, தஸ்ஹீஹ் என்றார். ஒரு தலை போகிறது என்று புரிந்துவிட்டது. யாருடையது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஃபோர்மேன்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று மதியம் மெஸ்ஸில் அவனைப் பார்த்தேன். ரசம் ஊற்றிக்கொண்டு யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான். பாவம் என்று நினைத்தேன். அதோடு சரி. அந்த வாரமே அவன் என்னிடம் வந்து, ஊரில் வீட்டுக்கு மேல்தளம் போடும் கட்டம் வந்துவிட்டது, காங்கிரீட் போட்டுவிடலாமா, இல்லை கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டான். நான் நிதானமான ஆள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. உன் இஷ்டம் என்றேன். நமக்கு எதற்கு வம்பு என்பதுதான் என் மனதில் இருந்தது.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, பஹ்ரைனிலிருந்து ஃபோன் வந்தது. மனாமாவின் குதைபியா பகுதியில் கடைகள் வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர், தன் கிடங்குக்கு அனுபவமுள்ள ஆள் தேடினார். பழைய பழக்கம். இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள் என்றார். நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே சுவரிலேயே ஏறிவிட்டேன் என்று வேடிக்கையாகவும் சொன்னேன்.

பத்தேகால் மணிக்கு இதை உஸ்தாதிடம் சொன்னேன். கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “பஹ்ரைன் நல்ல ஊர்” என்றார். மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “கடல் பக்கத்தில் இருக்கும்” என்றார். அவ்வளவுதான். பத்தொன்பது நாளில் அவர் உண்மைக்கு மிக அருகில் வந்தது அதுதான். வேறொரு நாள், ஊரில் நிலம் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொரு நாள், மகளுக்கு எத்தனை வயது என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். வயதாகிவிட்டது, மறதி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, ஆபீஸில் கடிதம் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஸ்டோர் முழுவதும் சிஸ்டத்துக்குப் போகிறது, விசா புதுப்பிக்கப்படாது, இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி. சின்ன அர்பாப் எழுந்து நின்று கை கொடுத்தார். நான் அந்தக் கையோடு நேராக ஸ்ப்ரே அறைக்குப் போய் பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கினேன்.

என் சட்டை இருந்தது. பதிவேடு இருந்தது. இடது கட்டைவிரல் தழும்பு இருந்தது. கழுத்துப்பட்டைக்கு மேலே பார்கோடு சிஸ்டம்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது முகம், ஐம்பத்து மூன்று வயதுக் கைகள். தொட்டுப் பார்த்தேன். வர்ணம் காய்ந்திருந்தது. ஃபோர்மேன் தன் ஓரத்தில் பத்திரமாக நின்றான்.

உஸ்தாத் ஸ்டூலில் உட்கார்ந்து தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

“எனக்கு வார்னிஷ் இல்லை என்றீர்கள்.”

“பெரிய அர்பாபின் தலைக்கு அடியிலும் இருக்கிறது” என்றார். “எனக்கு வேறு விதமாக வரையத் தெரியாது.”

“பத்தொன்பது நாள். தினமும் டீ குடித்தோம்.”

“என் விசாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் உத்தரவு கொடுத்தார்கள். அங்கேயும் அப்படித்தான். ஆளுக்குத் தெரிவதற்கு முன்னால் ஓவியனுக்குத் தெரிந்துவிடும்.”

“பஹ்ரைன் வேலையை விட்டுவிட்டேன். உங்களிடம்தான் சொன்னேன்.”

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார். நான் நிறுத்துக் கொடுத்த துணி. பிறகு கேட்டார்.

“அன்றைக்குத் திருத்தம் என்று எழுதினாயே, ரஃபீக், யாருடைய தலை என்று நினைத்தாய்?”

பொய் சொல்ல எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. “ஃபோர்மேன்” என்றேன்.

“அவனிடம் சொன்னாயா?”

பெயிண்ட் செக்‌ஷனில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு என்னைத் தோற்கடித்த சந்தோஷம் எதுவும் இல்லை. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். கைகளை அப்படியே விட்டிருக்கிறேன் என்றார். மாற்றச் சொன்னார்கள், முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஏடனில் தலை மாற்றப்பட்ட ஒருவரின் மனைவி வாரா வாரம் மன்றத்துக்கு வந்து, வேறொருவர் தலைக்குக் கீழே இருந்த தன் கணவனின் கைகளைப் பார்த்துவிட்டுப் போவாளாம். காவலாளிக்கும் தெரியுமாம். ஒன்றும் சொல்ல மாட்டானாம்.

“என் மனைவிக்கு விசா இல்லை” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஹ்ரைனுக்கு அன்றே ஃபோன் செய்தேன். கீழக்கரைக்காரர் மிகவும் வருத்தப்பட்டார். முந்தின நாள்தான் ஆள் சேர்ந்தானாம். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே என்றார்.

அடுத்த நாட்களில் ஸ்டோரை ஒப்படைத்தேன். பார்கோடு சிஸ்டம்காரர் நல்ல மனிதர். என் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். உஸ்தாத் பத்தேகால் மணிக்கு வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருப்பதை ஸ்டோர் ஜன்னல் வழியே பார்க்க முடியும். இரண்டு டம்ளர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை. அவர் அரசாங்கத்துக்குப் பயந்து பழகிய மனிதர், எழுபது வயதில் அவரை எங்கே போகச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரிதான். மன்னிக்க மட்டும் மனசு வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஊருக்குக் கிளம்பும் வெள்ளிக்கிழமை மதியம் ஃபோர்மேன் ரோலாவில் என் ரூமுக்கு வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. கார்ட்டன் கட்ட நைலான் கயிறும், எழுதுவதற்குப் பட்டை மார்க்கரும் கொண்டுவந்திருந்தான். பெட்டியை அவன் காலால் அமுக்கிக் கட்ட, நான் முடிச்சின் மேல் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்ததும் மண்டி போட்டு, நான்கு பக்கமும் என் பேரையும் ஊரையும் அழகான எழுத்தில் எழுதினான். போர்டு எழுதிப் பழகிய கை.

எழுதிக்கொண்டே கேட்டான். “ஏண்ணே, உங்களுக்கு முன்னாடியே ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையா?”

“இல்லை.”

“அந்தக் கெழவருக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும்ணே. தலையை மாத்துனதே அவருதானே. தெனமும் கூட உக்காந்து டீ குடிச்சிட்டு எப்படிண்ணே ஒரு மனுசன் வாயைத் தெறக்காம இருப்பான்? நான்னா சொல்லிருப்பேன். வேலை போனாப் போகுதுன்னு சொல்லிருப்பேன்.”

அவன் சொல்லியிருப்பான். அது எனக்குத் தெரியும்.

“மேல்தளம் போட்டாச்சா?” என்று கேட்டேன்.

“போட்டாச்சுண்ணே. நீங்கதானே தைரியமாப் போடச் சொன்னீங்க.”

நான் அப்படிச் சொல்லவில்லை. அவன் நினைவில் அது அப்படித் தங்கியிருந்தது. திருத்தாமல் விட்டுவிட்டேன். அவன் மார்க்கரை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் அவன்தான் சுமந்து இறங்கினான். கை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை.